கொலாஜன் பொடி வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும், தெரியுமா?

மெடிக்கல் ஷாப் கண்ணாடி அலமாரியில், ஜிம் வாசலில், பியூட்டி பார்லர் மேசையில், செல்போனைத் திறந்தால் வரும் விளம்பரத்தில் என்று எங்கே திரும்பினாலும் இப்போது ஒரு டப்பா தெரிகிறது: கொலாஜன்! முகச் சுருக்கத்துக்கு என்று தொடங்கியது, மூட்டு வலிக்கு என்று வளர்ந்தது, இப்போது வயிற்றுக்கும் வந்துவிட்டது. உப்புசம் போகும், குடலில் விழுந்த ஓட்டை அடையும், ஜீரணம் சீராகும் என்கிறார்கள். அந்த டப்பாவுக்குள் இருக்கும் பொருளின் வடிவத்தை உலகத்துக்குக் கண்டு சொன்ன ஊர் எது தெரியுமா? நம் சென்னை!

1952. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்து சேர்ந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். வயது 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவின் லைனஸ் பாலிங் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு மாதிரியை வெளியிட்டிருந்தார், அது பொருந்தவில்லை. ராமச்சந்திரனுக்குப் பொறி தட்டியது. ஆராய்ச்சிக்குக் கொலாஜன் வேண்டுமே, எங்கே போவது? பக்கத்திலேயே இருந்தது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம்! தோல் என்றாலே கொலாஜன்தானே. கடைசியில் கைகொடுத்தது எந்த மிருகம் தெரியுமா? கங்காரு! அதன் வாலில் இருக்கும் தசைநாணை எக்ஸ்ரே கதிருக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்தார்கள்.

1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எழுதிய சிறு கட்டுரை வந்தது. கொலாஜன், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட முப்புரிக் கயிறு! ஒவ்வொரு இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற அமினோ அமிலமாக இருந்தே தீர வேண்டும். ஏன்? மூன்று புரிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் அவ்வளவு இடம்தான் இருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கே நுழையாது. அடுத்த ஆண்டே டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இழைகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையில் ஒரு திருத்தம் சொன்னார்கள். அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க முடியுமா என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வியை விடாமல் துரத்திப் போனதில் பிறந்ததுதான் 1963-ல் ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றைக்கும் உலகத்தில் எந்த ஆய்வகம் ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறது. அடையாறில் உள்ள தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹெலிக்ஸ்' (முப்புரி) என்றே பெயர். கொலாஜன் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் அந்த முறுக்குப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அந்த முப்புரியை விழுங்கினால்?

ஒரு முழுக் கொலாஜன் மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர், எடை சுமார் 3 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). புரதங்களில் இது பெரிய உருப்படி. ஆனால் கடையில் விற்கும் கொலாஜன் பெப்டைடு பொடியில் இந்த முழு மூலக்கூறு இருக்கவே இருக்காது. மாட்டுத் தோலிலிருந்தோ மீன் தோல், செதிலிலிருந்தோ எடுத்ததைத் தொழிற்சாலையிலேயே என்சைம் போட்டு, சில ஆயிரம் டால்டன் எடையுள்ள துண்டுகளாக வெட்டிவிடுகிறார்கள். டப்பாவைத் திறக்கும் முன்பே பாதி ஜீரணம் முடிந்தாயிற்று! காப்பியில் கலந்தால் சட்டென்று கரைவதும், ஆறின பிறகும் ஜெல்லியாக உறையாமல் இருப்பதும் அதனால்தான்.

இன்னொரு ஆச்சரியம். உங்கள் தோலில், எலும்பில் இருக்கும் கொலாஜன் உங்கள் உடம்புச் சூட்டையே தனியாகத் தாங்காது, தெரியுமா? ஒற்றை மூலக்கூறாகப் பிரித்தெடுத்து 37 டிகிரியில் வைத்தால் அதன் முறுக்கு மெல்ல அவிழ்ந்துவிடும் என்று 2002-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல மூலக்கூறுகள் சேர்ந்து கட்டாக அடுக்கிக்கொள்வதால்தான் அது நிலைத்து நிற்கிறது. ஒவ்வொரு உயிரின் கொலாஜனும் அந்த உயிரின் உடல் வெப்பத்தை ஒட்டியே உருகும். குளிர்ந்த கடலில் வாழும் மீனின் கொலாஜன் சீக்கிரம் உருகுகிறது. மீன் துண்டு சட்டியில் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடுவதற்கும், ஆட்டுக்கால் மணிக்கணக்கில் அடுப்பில் கிடப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்!

இரைப்பைக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்தவரே ஒருவர் இருக்கிறார். 1822 ஜூன் மாதம், அமெரிக்காவின் மெக்கினாக் தீவு. தோல் வியாபாரக் கம்பெனியில் படகோட்டியாக வேலை செய்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது பக்கத்திலிருந்து துப்பாக்கி வெடித்துவிட்டது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் பிழைக்க வைத்துவிட்டார். ஆனால் வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. இரைப்பைக்குள் நேராக எட்டிப் பார்க்கலாம்! பியூமான்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்தார். 1833-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் எந்த உணவு எத்தனை மணி நேரத்தில் ஜீரணமாகிறது என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. வேகவைத்த அரிசிக்கு 1 மணி நேரம். ஜெலட்டினுக்கு இரண்டரை மணி நேரம். வேகவைத்த தசைநாணுக்கு ஐந்தரை மணி நேரம்! தசைநாண் பெரும்பாலும் கொலாஜன். ஜெலட்டின், அதே கொலாஜனைக் கொதிக்க வைத்து முறுக்கை அவிழ்த்தது. முறுக்கு அவிழ்ந்ததும் வேலை பாதியாகக் குறைவதை, அமினோ அமிலம் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாத காலத்தில் அந்த மருத்துவர் கடிகாரத்தை வைத்து அளந்துவிட்டார். இத்தனை சோதனைக்கும் ஆளான செயின்ட் மார்ட்டின், அந்தத் துளையோடே 1880 வரை வாழ்ந்தார்.

இரைப்பையில் அமிலம் முறுக்கை அவிழ்க்கிறது, பெப்சின் என்ற என்சைம் வெட்டுகிறது, சிறுகுடலில் கணைய என்சைம்கள் இன்னும் பொடியாக்குகின்றன. முடிவில் ரத்தத்துக்குள் போவது பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்கள். குடித்த கொலாஜன் அப்படியே போய்க் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பது நடக்காத காரியம். ஆனால் இங்கேதான் ஒரு திருப்பம்! புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கும் குட்டி ஜோடி மட்டும் வெட்டுப்படாமல் தப்பிவிடுகிறது. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டுகளை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும் வாசல்கள் சிறுகுடல் செல்களில் இருக்கின்றன. அந்த வாசல் வழியாக நுழைந்து இந்த ஜோடி ரத்தத்திலும் உலவுவதை 2005-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் மனிதர்களிடமே அளந்து காட்டினார்கள். கொலாஜன் பொடி விற்பவர்களின் நம்பிக்கை முழுவதும் இந்த ஜோடியின் மேல்தான் நிற்கிறது. இது செல்களுக்கு ஏதோ சேதி சொல்கிறது என்பது அவர்கள் வாதம். ஆய்வுக் கண்ணாடித் தட்டில் அதற்கு அறிகுறி உண்டு. உயிருள்ள மனிதக் குடலில் அது என்ன சாதிக்கிறது என்பது வேறு கேள்வி.

அந்த ஹைட்ராக்சிபுரோலினுக்கு ஒரு விசித்திரம் உண்டு. நீங்கள் சாப்பிடும் ஹைட்ராக்சிபுரோலினை உங்கள் உடம்பு புதிய கொலாஜனில் ஒரு துளிகூடச் சேர்க்காது! நம் மரபணு எழுத்தில் அதற்கு இடமே கிடையாது. உடம்பு முதலில் சாதாரண புரோலினை வைத்து இழையைக் கட்டுகிறது. பிறகு இழையில் இருக்கும்போதே அதை மாற்றுகிறது. அந்த மாற்றத்துக்கு என்ன வேண்டும் தெரியுமா? இரும்புச் சத்தும் வைட்டமின் சி-யும்! வைட்டமின் சி இல்லையென்றால் முறுக்கு நிற்காது. அதுதான் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய். 1740-களில் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் போன பிரிட்டிஷ் கப்பல்களில் ஒரு மாலுமி இருந்தார். 50 ஆண்டுகளுக்கு முன் போரில் பட்ட காயம் ஆறித் தழும்பாகி, அதை மறந்தே போயிருந்தார். ஸ்கர்வி வந்ததும் அந்தப் பழைய காயம் மறுபடி திறந்துகொண்டது. எப்போதோ முறிந்து ஒட்டிய எலும்பும் விட்டுப் போயிற்று! தழும்பைக்கூட உடம்பு ஓயாமல் பராமரித்துக்கொண்டே இருக்கிறது. பராமரிப்பு நின்றால் 50 வருடக் காயமும் காயம்தான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஜோடிக்கொரு வைத்தியம் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் மளமளவென்று தேறினார்கள். நம் ஊர் கொய்யாப்பழம் ஒன்றில் ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி-க்கு மேலேயே இருக்கிறது. நெல்லிக்காயைச் சொல்லவே வேண்டாம்.

எலும்பைக் காய்ச்சிக் குடித்தால் பலம் என்ற எண்ணம் நேற்று வந்ததா? 1681-ல் லண்டனில் இருந்த பிரெஞ்சுக்காரர் டெனிஸ் பாப்பின், எலும்பை மெத்தென்று ஆக்கும் ஒரு மூடிய பாத்திரத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். உள்ளே நீராவி அழுத்தம், மேலே வெடிக்காமல் காக்கும் வால்வு. ஆமாம், உங்கள் அடுப்பில் விசில் அடிக்கிறதே, அந்தக் குக்கரின் பாட்டன்! அடுத்த ஆண்டு பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்தே விருந்து வைத்தார். கடினமான எலும்புகூடப் பாலாடைக்கட்டி பதத்துக்கு வெந்திருந்ததாக விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் வியந்திருக்கிறார். பிரஷர் குக்கர் பிறந்ததே எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கத்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பிறகு பாரீஸில் நடந்தது நெஞ்சை உலுக்கும் கதை. எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின், இறைச்சிக்குச் சமம், ஏழைகளின் பசியை அதை வைத்தே போக்கிவிடலாம் என்று நம்பினார்கள். வேதியியலாளர் டார்சே அதற்கான கருவிகளை அமைத்தார்; 1820-களின் இறுதியிலிருந்து மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஜெலட்டின் சூப் ஊற்றினார்கள். குடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் உடலியல் நிபுணர் ஃபிரான்சுவா மஜெந்தி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழு பத்து ஆண்டுபோல உழைத்தது. 1841-ல் வந்தது தீர்ப்பு: ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் சில நாட்களுக்குப் பின் அதைத் தொடவே மறுத்தன, உடல் வற்றிச் செத்தன! காரணம் 20-ம் நூற்றாண்டில்தான் விளங்கியது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்று டிரிப்டோஃபேன். கொலாஜனில் அது அறவே கிடையாது. புரதத்தின் தரத்தை அளக்கும் இன்றைய அளவுகோலில் கொலாஜனுக்கு மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! நம் பருப்பும் சோறும் சேர்ந்த ஒரு கவளம், புரத விஷயத்தில் கொலாஜன் பொடியை எளிதாகத் தோற்கடிக்கும்.

இந்தப் பாடத்தை உலகம் மறந்தபோது உயிர்கள் போயின. 1976-ல் அமெரிக்காவில் 'தி லாஸ்ட் சான்ஸ் டயட்' என்ற புத்தகம் சக்கைப்போடு போட்டது. தோல், தசைநாண் கழிவுகளிலிருந்து எடுத்த கொலாஜன் திரவத்தை மட்டும் குடித்து எடை குறைக்கச் சொன்னது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், இந்த மாதிரித் திரவப் புரத உணவை மட்டுமே நம்பி இருந்தவர்களில் 50-க்கும் மேற்பட்டோரின் மரணம் அதிகாரிகளின் பார்வைக்கு வந்தது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோனது. சாப்பாட்டோடு ஒரு கரண்டி பொடி சேர்ப்பது வேறு. சாப்பாட்டை விட்டுவிட்டுப் பொடியைக் குடிப்பது வேறு. இரண்டாவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்!

இப்போது குடலுக்கே வருவோம். உங்கள் குடல் சுவரின் பலம் எங்கே இருக்கிறது தெரியுமா? உள்பக்கச் சவ்வுக்கு அடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது முழுக்கக் கொலாஜன் பின்னல். 1887-ல் அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், வெட்டிய குடலை மறுபடி சேர்த்துத் தைக்கும்போது தையல் எந்த அடுக்கில் பிடிக்கிறது என்று சோதித்தார். தசை அடுக்கு பிய்ந்தது, வெளிப்படலம் கிழிந்தது, இந்தக் கொலாஜன் படலம் மட்டும் பிடித்து நின்றது! இன்றைக்கும் குடல் தையல் போடும் டாக்டர், ஊசி அந்தப் படலத்தைத் தொட்டதா என்று பார்த்துத்தான் முடிச்சுப் போடுகிறார். அவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய 'கேட்கட்' நூல்கூட ஆட்டுக் குடலின் இதே படலத்தைத் திரித்துச் செய்ததுதான். உள்ளே விட்டால் உடம்பே அதைச் செரித்துக் கரைத்துவிடும். தையல் பிரிக்க வேண்டியதில்லை. பன்றிக் குடலின் இந்தப் படலத்தைச் சுத்தம் செய்து, குடலிறக்க அறுவையில் ஒட்டுத் துணியாகவும் வைக்கிறார்கள்.

இந்தப் பின்னலில் பழுது வந்தால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் அரிய பரம்பரை நோய் சாட்சி. எலர்ஸ்-டான்லோஸ் நோயின் ரத்தநாள வகையில், மூன்றாம் வகைக் கொலாஜனைச் செய்யும் மரபணு கெட்டிருக்கும். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரென்று குடல் தானாகவே கிழியும். இவர்களுக்கு எத்தனை டப்பா பொடி கொடுத்தாலும் பயன் இல்லை. பழுது இருப்பது செய்முறையில், மூலப்பொருளில் இல்லை.

கொலாஜன் கூடினாலும் வினைதான், தெரியுமா? 1976-ல் ஸ்வீடனில் லிண்ட்ஸ்ட்ரம் என்ற மருத்துவர் ஒரு புதிய நோயை விவரித்தார்: கொலாஜன் பெருங்குடல் அழற்சி. பெருங்குடலின் மேற்படலத்துக்கு அடியில் இயல்பாகச் சில மைக்ரான் தடிமனில் இருக்க வேண்டிய கொலாஜன் பட்டை, 10 மைக்ரானுக்கு மேல் தடித்துவிடுகிறது. நோயாளிக்கு மாதக்கணக்கில் தண்ணீராகப் போகும். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய பெண்கள். கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்தால் குடல் சாதாரணமாகத் தெரியும்! சிறு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் பிடிபடும். கொலாஜன் சாப்பிடுவதால் வருவதில்லை இது. ஆனால் குடலில் கொலாஜன் எவ்வளவு கூடினால் அவ்வளவு நல்லது என்ற கணக்கு தவறு என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. கிரோன் நோயில் குடல் குறுகி அடைத்துக்கொள்வதும், கல்லீரல் சுருங்கி இறுகிப்போவதும் இதே கொலாஜன் தழும்பாகக் குவிவதால்தான்.

'குடல் ஓட்டையை அடைக்கும்' என்ற விளம்பர வரியைப் பார்த்திருப்பீர்கள். குடலின் உள்பக்க செல்களுக்கு நடுவே உள்ள இடுக்கை இறுக்கி மூடி வைத்திருப்பது கொலாஜனே இல்லை! ஆக்லூடின், கிளாடின் என்ற வேறு புரதங்கள். ஜப்பானில் ஷோய்ச்சிரோ சுகிதாவின் குழு 1990-களில் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. கொலாஜன் இருப்பது அந்த செல்களுக்குக் கீழே, அஸ்திவாரத்தில்.

அப்படியானால் ஜீரணத்துக்கு இந்தப் பொடி உதவும் என்பதற்குச் சான்றே இல்லையா? ஒன்று இருக்கிறது, 2022-ல் வெளிவந்தது. ஆரோக்கியமான பெண்கள் தினமும் 20 கிராம் கொலாஜன் பெப்டைடு எடுத்தார்கள், 8 வாரம். முடித்தவர்கள் 14 பேர்; அவர்களில் 13 பேருக்கு உப்புசம் முதலான தொல்லைகள் குறைந்தனவாம்! கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் வெறும் மாவைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. வயிற்றுத் தொல்லை விஷயத்தில், மருந்து என்று நம்பி எதைக் குடித்தாலும் கணிசமானவர்களுக்குக் கொஞ்சம் குறையும். அந்த ஒப்பீடு இல்லாமல் பொடிக்கு மார்க் போட முடியாது. மூட்டு விஷயத்திலும் 2011-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காரணமும் விளைவும் நிறுவப்படவில்லை என்று கைவிரித்துவிட்டது. வாரக்கணக்கில் வயிறு சரியில்லை, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் டப்பாவைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு ஆவாரம் பட்டையைத் தெரியாமல் இருக்காது. அந்தப் பட்டையின் துவர்ப்புச் சத்தான டேனின், தோலின் கொலாஜன் இழைகளைக் கெட்டியாகக் கோத்துவிடுகிறது. கோத்துவிட்டால் கிருமியால் செரிக்க முடியாது, தோல் அழுகாது. இதே வேதியியலை வயிற்றுப்போக்குக்கு மருந்தாக விற்கிறார்கள், தெரியுமா? ஜெலட்டினையும் டேனினையும் சேர்த்த 'ஜெலட்டின் டேனேட்' ஐரோப்பிய மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. குடலின் உள்பக்கத்தில் ஒரு படலம்போலப் படர்ந்து காக்கும் என்பது யோசனை. யோசனை அழகு. போலந்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்தபோது, சும்மா கொடுத்த போலி மருந்தைவிட அது மேலாகத் தெரியவில்லை.

ஜெலட்டின் வயிற்றில் முழுதாகச் செரிக்கும். ஆனால் நோன்பு காலத்தில் வீடுகளில் காய்ச்சுகிற கடல்பாசி? அது செரிக்கவே செரிக்காது, நார்ச்சத்தாக வெளியேறும்! இந்த வித்தியாசம் ஆய்வகத்திலும் கைகொடுத்தது. 1881-ல் ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் கோக் கிருமிகளை ஜெலட்டின் தட்டில்தான் வளர்த்தார். உடம்புச் சூட்டில் அது உருகியது. போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தீர்த்தன. கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகர் என்ற கடல்பாசிச் சத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்று உலகத்தின் எல்லாக் கிருமி ஆய்வகங்களும் அவர் சொன்ன அகர் தட்டில்தான் ஓடுகின்றன!

ஆட்டுக்கால் பாயா பிரியர்களுக்கு ஒரு சேதி. ராத்திரி மீந்த பாயாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் காலையில் தளதளவென்று உறைந்திருக்கிறதே, அதுதான் ஜெலட்டின். இளம் தீயில் மணிக்கணக்கில் கிடக்கும்போது குளம்பு மூட்டிலும் தோலிலும் உள்ள கொலாஜன் முறுக்கவிழ்ந்து குழம்பில் இறங்கிவிடுகிறது. வயிற்றில் அது பொடி போகும் வழியிலேயே போய், பொடி ஆகும் கதிக்கே ஆளாகிறது. மிளகு, சீரகம், இஞ்சி மணம் வேறு கூட வரும். விரும்புகிறவர்கள் சாப்பாட்டோடு மகிழ்ச்சியாகக் குடிக்கலாம். சைவர்கள் கவலைப்பட ஒன்றுமே இல்லை. தாவரத்தில் கொலாஜன் கிடையாது என்றாலும், தலைமுறை தலைமுறையாக இறைச்சியைத் தொடாதவர்களின் தோலும் எலும்பும் குடலும் மற்றவர்களுடையதைப் போலவே உறுதியாக இருக்கின்றன. பருப்பிலும் தயிரிலும் தானியத்திலும் வரும் அமினோ அமிலங்களிலிருந்து உடம்பே நெய்துகொள்கிறது.

கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்றோமே, அந்தக் கிளைசினுக்கு ஜீரணத்தில் நிஜமாகவே வேலை உண்டு! கல்லீரல் பித்த அமிலங்களைக் கிளைசினோடும் டாரினோடும் இணைத்துத்தான் பித்தநீரில் அனுப்புகிறது. நீங்கள் சாப்பிட்ட வடையின் எண்ணெயைச் செரிக்க வைப்பது அந்த இணைப்புதான். ஆனால் கிளைசினை உடம்பு தானும் செய்துகொள்ளும், எல்லாப் புரத உணவிலும் அது இருக்கிறது. மறுபக்கம், ஹைட்ராக்சிபுரோலின் உடைந்தால் அதில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. ஜெலட்டினை அதிக அளவில் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் ஆக்சலேட் கூடியதை 2006-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். நம் வெயிலில் ஒருமுறை கல் வந்து துடித்தவர்கள், தினம் 20 கிராம் பொடி போடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

  

உங்கள் உடம்புக்குள்ளேயே இரண்டு காலங்கள் ஓடுகின்றன, தெரியுமா? குடலின் உள்பக்க செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகின்றன. போன வாரம் பொங்கலைச் செரித்த மேற்படலம் இன்று உங்களிடம் இல்லை! ஆனால் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணின் நடுப்பகுதிக் கொலாஜன்? 17 வயதோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுக்க அதே கயிறுதான். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அணுகுண்டை வைத்து! 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த சோதனைக் குண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் எக்கச்சக்கமாகக் கூடி, பின்பு படிப்படியாகக் குறைந்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளின் தசைநாணில் அந்தக் கார்பன் அப்படியே பதிந்து கிடப்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டார்கள். ஆகவே, குடிக்கிற பொடி உடம்பின் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ப் பழசை மாற்றும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கொலாஜனை நிஜமாகச் செரித்துக் காட்டும் சூரர்கள் வேறு இருக்கிறார்கள். இமயமலையில் பறக்கும் தாடிக் கழுகின் சாப்பாட்டில் பெரும்பங்கு எலும்பு! பெரிய எலும்பானால் உயரத் தூக்கிப் போய்ப் பாறை மேல் போட்டு உடைக்கும். மிச்சத்தை அதன் இரைப்பை அமிலம் பார்த்துக்கொள்ளும்.

அதையும் மிஞ்சும் ஒரு ஜீவன், 2002-ல் கலிஃபோர்னியாவின் மான்டெரே வளைகுடா ஆழத்தில், ஏறத்தாழ 2,900 மீட்டருக்குக் கீழே, இறந்து கிடந்த திமிங்கிலத்தின் எலும்பில் அகப்பட்டது. பெயர் ஒசிடாக்ஸ், எலும்புண்ணிப் புழு. இதற்கு வாய் கிடையாது, இரைப்பை கிடையாது, குடலே கிடையாது! எலும்புக்குள் வேர் விடுகிறது. வேரின் தோலே அமிலம் சுரந்து எலும்பைக் கரைத்து, உள்ளிருக்கும் கொலாஜனை உறிஞ்சுகிறது. வேருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சாப்பாட்டைப் பயன்படுத்தத் துணை நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெண் புழுக்கள். ஆண்கள் நுண்ணிய குஞ்சு அளவிலேயே நின்று, பெண்ணின் குழாய்க்குள்ளேயே கூட்டமாக வாழ்கின்றன. 2004-ல் இதை உலகுக்கு அறிவித்தபோது, திமிங்கிலங்கள் தோன்றிய பிறகு வந்த உயிர் என்றுதான் பலரும் எண்ணினார்கள். 2015-ல் அந்த எண்ணமும் உடைந்தது: டைனோசர் காலத்துக் கடலில் நீந்திய பிளீசியோசரின் புதைபடிவ எலும்பில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் புழு போட்ட துளைகள் கண்டுபிடிக்கப்பட்டன!